பையின் தாலாட்டு (பாடல்)

பையின் தாலாட்டு என்பது 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த லைஃப் ஆஃப் பை என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் தமிழ்ப் பாடல் ஆகும். ஆங்கிலத்தில் இது பைஸ் லல்லபை எனப் பெயரிடப்பட்டுள்ளது. கனடிய இசையமைப்பாளர் மைக்கேல் டேனா இப்பாடலுக்கு இசையமைத்தார். வரிகளை எழுதிப் பாடியவர் கருநாடக இசைக் கலைஞர் பாம்பே ஜெயஸ்ரீ ஆவார். 2013 ஆம் ஆண்டு சனவரி 10 ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 85 ஆவது அகாதமி விருதுகளுக்கான (ஆஸ்கார்) பரிந்துரைகளில், சிறந்த அசல் பாடல் பிரிவில் இப்பாடல் இடம்பெற்றது. தமிழ் மொழியில் அமைந்த பாடலொன்று இப்பிரிவின் இறுதிப் பட்டியலை எட்டியது அதுவே முதன்முறையாகும். 2013 பெப்ரவரி 24 அன்று நடைபெற்ற விழாவில் விருது ஸ்கைஃபால் என்னும் பாடலுக்கு வழங்கப்பட்டது.

பரிந்துரை அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, பாடலின் முதல் எட்டு வரிகள் மலையாளத் தாலாட்டான ஓமனத்திங்கள் கிடாவோவின் மொழிபெயர்ப்பே என்ற குற்றச்சாட்டு கேரளத்தில் எழுந்தது. இதனால் தாலாட்டு மரபில் அசல் எது, பொதுச்சொத்து எது என்ற கேள்வி பரவலாக விவாதிக்கப்பட்டது.

பாடல் பற்றிய தகவல்கள்

* திரைப்படம்: லைஃப் ஆஃப் பை (2012)
* இயக்குனர்: ஆங் லீ
* இசை: மைக்கேல் டேனா
* வரிகள், குரல்: பாம்பே ஜெயஸ்ரீ
* மொழி: தமிழ்
* வகை: தாலாட்டு
* பரிந்துரை: 85 ஆவது அகாதமி விருதுகள், சிறந்த அசல் பாடல்

பெயர்

பாடலின் பெயரிலுள்ள பை, திரைப்படத்தின் முதன்மைக் கதைமாந்தனான பிசின் மோலிட்டர் பட்டேல் என்னும் சிறுவனின் சுருக்கப் பெயராகும். பாரிசு நகரிலுள்ள ஒரு நீச்சற் குளத்தின் பெயரே அவனுக்கு இடப்பட்டது. பள்ளித் தோழர்கள் அப்பெயரை ஆங்கிலத்தில் சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் சொல்லாகத் திரித்துக் கேலி செய்ததால், அவன் கணிதத்தில் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான பை என்பதையே தன் பெயராக வைத்துக்கொள்கிறான். எனவே பாடலின் பெயர் "பை என்னும் சிறுவனுக்கான தாலாட்டு" எனப் பொருள்படும்.

திரைப்படமும் பாடலின் இடமும்

யான் மார்ட்டெல் எழுதி 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த லைஃப் ஆஃப் பை என்னும் நாவல் 2002 ஆம் ஆண்டுக்கான புக்கர் பரிசைப் பெற்றது. அதன் முற்பகுதி புதுச்சேரியில் நிகழ்கிறது. பையின் தந்தை அங்கு ஒரு விலங்குக் காட்சிசாலையை நடத்துகிறார். குடும்பம் விலங்குகளுடன் கனடாவுக்குக் குடிபெயரும் வழியில் கப்பல் மூழ்குகிறது. உயிர்காப்புப் படகில் ஒரு வங்கப்புலியுடன் பை 227 நாட்களைக் கடலில் கழிக்கிறான்.

தாய்வானில் பிறந்த ஆங் லீ இயக்கிய திரைப்படம் 2012 நவம்பரில் வெளியானது. படப்பிடிப்பு 2011 சனவரியில் புதுச்சேரியில் தொடங்கியது. கடற்காட்சிகளின் பெரும்பகுதி தாய்வானில் அமைக்கப்பட்ட அலைத் தொட்டியில் எடுக்கப்பட்டது. சூரஜ் சர்மா, இர்பான் கான், தபு, அடில் உசேன் ஆகியோர் நடித்தனர். படம் உலகெங்கும் 60 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது.

படத்தின் தொடக்கத்தில், கலைஞர்களின் பெயர்கள் தோன்றும் வேளையில், காட்சிசாலையின் விலங்குகளும் பறவைகளும் காலை ஒளியில் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. அக்காட்சியின் பின்னணியில் முழுமையாக ஒலிப்பது இத்தாலாட்டே. உரையாடல் தொடங்குமுன் பார்வையாளர் கேட்கும் முதற்குரல் தமிழ்க் குரலாக உள்ளது. பின்னர் தாய், தந்தை, தமையன், விலங்குகள் என எல்லாவற்றையும் பை இழப்பதால், இப்பாடல் அவன் இழக்கவிருக்கும் பாதுகாப்பான உலகின் அடையாளமாகவும் அமைகிறது.

கலைஞர்கள்

மைக்கேல் டேனா 1958 ஆம் ஆண்டு கனடாவின் வின்னிப்பெக் நகரில் பிறந்தவர். இந்திய இசையுடன் அவருக்கு இருந்த தொடர்பு இப்படத்துக்கு முன்பே தொடங்கியது. மீரா நாயர் இயக்கிய காம சூத்ரா (1996), மான்சூன் வெட்டிங் (2001) ஆகிய படங்களுக்கு அவர் இசையமைத்திருந்தார். தீபா மேத்தாவின் வாட்டர் (2005) படத்தில் பாடல்களுக்கு ஏ. ஆர். ரகுமானும் பின்னணி இசைக்கு டேனாவும் பொறுப்பேற்றிருந்தனர்.

பாம்பே ஜெயஸ்ரீ கொல்கத்தாவில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். டி. ஆர். பாலாமணியிடமும், பின்னர் வயலின் மேதை லால்குடி ஜெயராமனிடமும் இசை பயின்றார். கருநாடக இசை மேடைகளில் அறியப்பட்டிருந்த அவரை, 2001 ஆம் ஆண்டு வெளிவந்த மின்னலே திரைப்படத்தில் ஹாரிஸ் ஜெயராஜ் இசையில் பாடிய வசீகரா பாடல் பரவலான மக்களிடம் கொண்டு சேர்த்தது.

உருவாக்கம்

கதைமாந்தனின் தாய்மொழியில் ஒரு தாலாட்டு வேண்டும் என்ற எண்ணத்துடன் படக்குழு பாம்பே ஜெயஸ்ரீயை அணுகியது. அவர் பாடகராக மட்டுமன்றிப் பாடலாசிரியராகவும் இதில் பங்கேற்றார். குழந்தை உறங்குவது தூக்கம் வருவதால் அன்று, தான் பாதுகாப்பாக இருப்பதாக உணர்வதால்தான் என்று ஆங் லீ பாடலின் உணர்வை விளக்கியதாக ஜெயஸ்ரீ நேர்காணல்களில் குறிப்பிட்டுள்ளார். தாய்மார்கள் வழிவழியாகப் பாடிவந்த தாலாட்டுகளை நினைவில் கொண்டு வரிகளை அமைத்ததாகவும் அவர் கூறியுள்ளார்.

பாடலின் அமைப்பு

பாடல் எளிய சொற்களால் ஆனது. கதையோ தத்துவக் கருத்தோ அதில் இல்லை. குழந்தையைக் கண்ணின் மணியாக விளித்துத் தொடங்கி, அது மயிலா, குயிலா, நிலவா, நிலவின் ஒளியா, மலரா, கனியா, கனியின் சுவையா என அடுக்கிக் கேட்கும் முறையில் பாடல் நகர்கிறது. ஒவ்வொரு வினாவும் ஓகார ஈற்றுடன் முடிகிறது. இடையிடையே தமிழ்த் தாலாட்டுகளுக்கே உரிய ஆராரோ போன்ற ஒலிக்குறிப்புகள் வருகின்றன.

தமிழில் தாலாட்டு நெடிய மரபுடையது. தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்து ஒலியெழுப்பிப் பாடுவதால் தாலாட்டு என்னும் பெயர் ஏற்பட்டது என்பர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம் ஆகும். பெரியாழ்வார் கண்ணனுக்கும், குலசேகர ஆழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பதிகங்கள் பாடியுள்ளனர். இவற்றுக்கு வெளியே, எழுதியவர் பெயர் அறியப்படாத நாட்டுப்புறத் தாலாட்டுகள் ஊர்தோறும் வழங்கிவருகின்றன. அவற்றைப் பாடும் பெண்கள் தம் பிறந்தகத்தின் பெருமை, மாமன்மார் தரும் சீர், வீட்டின் வறுமை முதலியவற்றையும் சேர்த்துப் பாடுவர். பையின் தாலாட்டில் அத்தகைய உறவுச் செய்திகள் இல்லை. மொழி அறியாத பார்வையாளர்களுக்காகத் திரையில் ஒலிக்க வேண்டிய பாடலாதலால், பொருளைவிட ஒலியின் மென்மையே அதில் முதன்மை பெறுகிறது.

ஆஸ்கார் பாடல் விருதின் விதிகள்

சிறந்த பாடலுக்கான அகாதமி விருது 1934 ஆம் ஆண்டுப் படங்களுக்காக முதன்முறை வழங்கப்பட்டது. தொடக்கத்தில் பாடல் படத்துக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1941 ஆம் ஆண்டு லேடி பி குட் படத்தில் இடம்பெற்ற, முன்னரே வெளிவந்திருந்த தி லாஸ்ட் டைம் ஐ சா பாரிஸ் என்னும் பாடல் விருது பெற்றது. அதன் இசையமைப்பாளரான ஜெரோம் கெர்னே அதனை ஏற்கவில்லை. இதன் பின்னர் விதி திருத்தப்பட்டது.

இன்றைய நிலையில் விதிகளின் சாரம் பின்வருமாறு:

* பாடலின் வரிகள், இசை ஆகிய இரண்டும் அசலானவையாகவும், அத்திரைப்படத்துக்கென்றே எழுதப்பட்டவையாகவும் இருக்க வேண்டும்.
* பாடல் படத்தின் உள்ளேயோ, இறுதிப் பெயர்ப்பட்டியல் தொடங்கும்போது வரும் முதல் இசையாகவோ தெளிவாகக் கேட்க வேண்டும்.
* விருது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரியது. பாடியவருக்கு அப்பணிக்காக விருது இல்லை.
* பாடல் எம்மொழியிலும் இருக்கலாம்.

மூன்றாவது விதி கவனிக்கத்தக்கது. பாம்பே ஜெயஸ்ரீ ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது பாடகர் என்ற முறையில் அன்று, பாடலாசிரியர் என்ற முறையிலாகும். பாடலை அவர் பாடியிருந்தும் வரிகளை வேறொருவர் எழுதியிருந்தால் அவருடைய பெயர் பட்டியலில் இடம்பெற்றிருக்காது. இதே காரணத்தால்தான் 2009 ஆம் ஆண்டு ஜெய் ஹோ பாடலுக்கான விருது ஏ. ஆர். ரகுமானுக்கும் குல்சாருக்கும் கிடைத்தது. அதைப் பாடிய சுக்விந்தர் சிங் விருதாளர் ஆகவில்லை.

நாட்டின் சார்பும் பாடலின் சார்பும்

பன்னாட்டுப் பாடல் போட்டிகளுள் பெரிதும் அறியப்பட்ட யூரோவிசன் பாடல் போட்டி, 1956 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளுடன் தொடங்கியது. அங்கு ஒவ்வொரு நாட்டின் ஒளிபரப்பு நிறுவனமும் தன் நாட்டின் சார்பில் பாடலை அனுப்புகிறது. பங்கேற்கும் நாடு தன் மொழியிலேயே பாட வேண்டும் என்ற விதி 1966 முதல் 1972 வரையும், 1977 முதல் 1998 வரையும் நடைமுறையில் இருந்தது.

ஆஸ்கார் பாடல் பிரிவில் நாடு என்ற கணக்கே இல்லை. திரைப்படத்தை உருவாக்கியவர்கள் பாடலை நேரடியாகச் சமர்ப்பிக்கின்றனர். நாடு அதிகாரபூர்வமாகப் படம் அனுப்பும் முறை, முன்பு சிறந்த வேற்றுமொழித் திரைப்படம் எனவும் 2020 ஆம் ஆண்டு விழா முதல் சிறந்த பன்னாட்டுத் திரைப்படம் எனவும் அழைக்கப்படும் பிரிவில் மட்டுமே உள்ளது. தெய்வ மகன் (1969), நாயகன் (1987), விசாரணை, கூழாங்கல் ஆகிய தமிழ்ப் படங்கள் இந்தியாவின் சார்பில் இவ்வாறு அனுப்பப்பட்டவை. அவற்றுள் எதுவும் இறுதிப் பட்டியலை எட்டவில்லை.

85 ஆவது விருதுகளுக்கு இந்தியா அதிகாரபூர்வமாக அனுப்பிய இந்தித் திரைப்படமான பர்ஃபியும் இறுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை. அதே ஆண்டில், இந்திய அரசோ இந்தியத் திரைப்பட அமைப்புகளோ அனுப்பாத, அமெரிக்கத் தயாரிப்பில் உருவான படத்தின் வழியாகத் தமிழ்ப் பாடலொன்று பட்டியலை எட்டியது. இந்திய ஊடகங்கள் இதனை நாட்டின் பெருமையாகக் கொண்டாடின. ஆயினும் விதிகளின்படி அது ஒரு கனடியரும் ஓர் இந்தியரும் இணைந்து உருவாக்கிய தனிப் படைப்பேயாகும்.

பரிந்துரை

84 ஆவது விருதுகளில் சிறந்த பாடல் பிரிவுக்கு இரண்டு பாடல்கள் மட்டுமே பரிந்துரைக்கப்பட்டிருந்தன. பாடல்கள் குறிப்பிட்ட குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பெற வேண்டும் என்ற அப்போதைய முறையே இதற்குக் காரணம். இது விமர்சனத்துக்கு உள்ளானதை அடுத்து 2012 ஆம் ஆண்டில் விதி மாற்றப்பட்டு, ஐந்து பாடல்களைப் பட்டியலிடும் முறை கொண்டுவரப்பட்டது. பையின் தாலாட்டு பட்டியலுக்குள் வந்தது இப்புதிய முறையின் முதலாண்டில் ஆகும். அகாதமியின் இசைப் பிரிவு உறுப்பினர்கள், போட்டிக்குத் தகுதி பெற்ற 75 பாடல்களிலிருந்து பின்வரும் ஐந்தைத் தேர்ந்தெடுத்தனர்:

* பிஃபோர் மை டைம் – சேசிங் ஐஸ் – ஜே. ரால்ஃப்
* எவ்ரிபடி நீட்ஸ் எ பெஸ்ட் ஃப்ரெண்ட் – டெட் – வால்ட்டர் மர்பி, சேத் மெக்ஃபார்லேன்
* பைஸ் லல்லபை – லைஃப் ஆஃப் பை – மைக்கேல் டேனா, பாம்பே ஜெயஸ்ரீ
* ஸ்கைஃபால் – ஸ்கைஃபால் – அடேல், பால் எப்வர்த்
* சடன்லி – லே மிசெராப்ளே – குளோட் மிசேல் சோன்பெர்க், எர்பர்ட் கிரெட்சுமர், அலன் பூப்ளில்

அவ்வாண்டின் கோல்டன் குளோப் விருதுகளில் பாடலுக்கான பட்டியலில் பையின் தாலாட்டு இடம்பெறவில்லை. எனினும் சிறந்த பின்னணி இசைக்கான கோல்டன் குளோப் விருது இதே படத்துக்காக மைக்கேல் டேனாவுக்குக் கிடைத்தது.

வரிகள் குறித்த சர்ச்சை

குற்றச்சாட்டு

இரயிம்மன் தம்பி (1782–1856) திருவிதாங்கூர் அரசவையைச் சேர்ந்த கவிஞரும் இசைவாணரும் ஆவார். கீசகவதம், உத்தராசுயம்வரம், தட்சயாகம் ஆகிய கதகளி ஆட்டக்கதைகளை இயற்றியவர். 1813 ஆம் ஆண்டு ராணி கௌரி லட்சுமி பாய்க்கு மகனாகப் பிறந்த சுவாதித் திருநாளைத் தாலாட்டுவதற்காக அவர் எழுதியதே ஓமனத்திங்கள் கிடாவோ என்னும் பாடல். ஓமன என்பது செல்லமானதையும், திங்கள் என்பது நிலவையும், கிடாவு என்பது குழந்தையையும் குறிக்கும் மலையாளச் சொற்கள். கேரளத்தில் இன்றும் வீடுகளில் பாடப்படும் தாலாட்டு இதுவாகும்.

பையின் தாலாட்டின் முதல் எட்டு வரிகள் இப்பாடலின் தமிழாக்கம் என்று, கேரளத்தின் சேர்த்தலையில் இயங்கும் இரயிம்மன் தம்பி நினைவு அறக்கட்டளை 2013 சனவரியில் குற்றஞ்சாட்டியது. மூலக் கவிஞருக்கு உரிய ஒப்புதல் அளிக்கப்படவில்லை என்பது அதன் முறையீடு.

மறுப்பு

பாம்பே ஜெயஸ்ரீ இதனை மறுத்தார். தம் மனத்தில் தோன்றியவற்றையே எழுதியதாகவும், குழந்தையை மயிலாகவும் நிலவாகவும் மலராகவும் வருணிப்பது எல்லாத் தாய்மார்களுக்கும் பொதுவான வழக்கம் என்றும் அவர் விளக்கமளித்தார்.

ஒப்பீடு

இரு பாடல்களுக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. ஓமனத்திங்கள் கிடாவோவும் குழந்தையை நிலவா, தாமரையா, பூவின் தேனா, முழுநிலவின் ஒளியா, பவளமா, கிளியா, மயிலா, குயிலா, மானா என ஓகார ஈற்று வினாக்களால் அடுக்கிக் கேட்கிறது. மயில், குயில், நிலவு, நிலவொளி, மலர் ஆகியவை இரண்டிலும் உள்ளன. தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுடைய மொழிகளாதலால், மயில், குயில் போன்ற சொற்களும் ஓகார வினா ஈறும் இரண்டுக்கும் பொதுவானவை. இதனால் ஒலி அளவிலும் ஒற்றுமை மிகுகிறது.

அதேவேளை, ஒரு பொருளை இதுவோ அதுவோ என ஐயுற்றுப் புகழும் முறை இரயிம்மன் தம்பிக்கு மிக முந்தியது. தண்டியலங்காரம் இதனை ஐய உவமை என உவமை வகைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. வடமொழி அணியிலக்கணத்திலும் இத்தகைய அணி உண்டு. திருக்குறளின் 1081 ஆம் குறளில், தலைவன் தான் கண்டவள் தெய்வப் பெண்ணா, மயிலா, மானிட மகளா என ஐயுற்று மயங்குகிறான். எனவே அணியையோ மயில், நிலவு போன்ற உவமைகளையோ எந்தவொரு கவிஞரின் தனியுடைமையாகவும் கொள்ள இயலாது. குறிப்பிட்ட உவமைகளைக் குறிப்பிட்ட வரிசையில் தேர்ந்தெடுத்து அடுக்குவதே ஒரு கவிஞரின் பங்களிப்பு ஆகும். இரு பாடல்களையும் ஒப்பிடுவோர் ஆராய வேண்டியது இத்தேர்வும் வரிசையும் எந்த அளவுக்கு ஒத்துள்ளன என்பதையே.

சட்டமும் விருது விதியும்

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இரயிம்மன் தம்பி 1856 இல் மறைந்தவர். ஆகவே அவருடைய படைப்புகள் பொதுவுடைமை ஆகிவிட்டன. அவற்றை எவரும் மொழிபெயர்க்கவும் பாடவும் சட்டத்தில் தடை இல்லை.

சிக்கல் பதிப்புரிமையில் அன்று, விருது விதியிலேயே இருந்தது. பொதுவுடைமைப் பாடலொன்றின் மொழிபெயர்ப்பு சட்டப்படி குற்றமற்றது. ஆனால் அகாதமியின் கண்ணோட்டத்தில் அது அசல் பாடல் ஆகாது. பாம்பே ஜெயஸ்ரீ பரிந்துரைக்கப்பட்டது வரிகளுக்காகவே என்பதால், குற்றச்சாட்டு அப்பரிந்துரையின் அடிப்படையையே தொட்டது.

அகாதமி அசல் தன்மையைக் காரணம் காட்டிப் பரிந்துரையைத் திரும்பப் பெற்ற முன்நிகழ்வு உண்டு. தி காட்பாதர் (1972) படத்தின் பின்னணி இசைக்காக நினோ ரோட்டாவுக்கு அளிக்கப்பட்ட பரிந்துரை, அதன் முதன்மை மெட்டை அவர் 1958 ஆம் ஆண்டின் ஃபார்ச்சுனெல்லா என்னும் இத்தாலியப் படத்தில் முன்பே பயன்படுத்தியிருந்தார் என்பது தெரியவந்ததும் நீக்கப்பட்டது. பையின் தாலாட்டுக்குப் பின், 2014 சனவரியில் அலோன் யெட் நாட் அலோன் என்னும் பாடலின் பரிந்துரையும் நீக்கப்பட்டது. அங்கு காரணம் வேறு: அதன் இசையமைப்பாளர் வாக்களிக்கும் உறுப்பினர்களை நேரடியாகத் தொடர்புகொண்டது விதிமீறலாகக் கருதப்பட்டது. பையின் தாலாட்டின் பரிந்துரை இவ்வாறு நீக்கப்படவில்லை. இறுதி வாக்கெடுப்பு வரை அது பட்டியலில் நீடித்தது.

விருது விழா

85 ஆவது விருது விழா 2013 பெப்ரவரி 24 அன்று ஆலிவுட்டிலுள்ள டால்பி அரங்கில் நடைபெற்றது. விழாவைத் தொகுத்து வழங்கிய சேத் மெக்ஃபார்லேன் பாடல் பிரிவில் போட்டியாளர்களுள் ஒருவராகவும் இருந்தார். ஸ்கைஃபால் பாடலை அடேலும், டெட் படப் பாடலை நோரா ஜோன்சும் மேடையில் பாடினர். லே மிசெராப்ளே நடிகர்கள் தம் படப் பாடல்களைத் தொகுத்து வழங்கினர். பையின் தாலாட்டு மேடையில் பாடப்படவில்லை.

பரிந்துரைக்கப்பட்ட வேற்றுமொழிப் பாடலுக்கு உரியவர் மேடையில் பாடாமற் போனது இது முதன்முறையன்று. 2005 ஆம் ஆண்டு விழாவில், தி மோட்டார்சைக்கிள் டைரீஸ் படத்தின் இசுப்பானியப் பாடலை அதன் படைப்பாளியான உருகுவே நாட்டு ஜார்ஜ் டிரெக்ஸ்லருக்குப் பதிலாக அன்டோனியோ பண்டேராஸ், கார்லோஸ் சன்டானா ஆகியோர் வழங்கினர். விருது தமக்கே அறிவிக்கப்பட்டபோது டிரெக்ஸ்லர் நன்றியுரைக்குப் பதிலாக அப்பாடலின் சில வரிகளை இசைக்கருவிகள் இன்றிப் பாடினார்.

சிறந்த அசல் பாடல் விருது ஸ்கைஃபாலுக்குச் சென்றது. சேம்ஸ் பாண்டு படப் பாடலொன்று இவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. 11 பரிந்துரைகளைப் பெற்றிருந்த லைஃப் ஆஃப் பை, சிறந்த இயக்குனர், ஒளிப்பதிவு, காட்சி விளைவுகள், பின்னணி இசை ஆகிய 4 விருதுகளை வென்றது. மைக்கேல் டேனா பின்னணி இசைக்கான விருதைப் பெற்றார்.

இந்திய மொழிப் பாடல்களும் ஆஸ்காரும்

ஆங்கிலம் அல்லாத மொழிப் பாடல்கள் இவ்விருதைப் பெறுவது அரிது. 1960 ஆம் ஆண்டு நெவர் ஆன் சண்டே படத்துக்காக மனோஸ் அட்சிடாக்கிஸ் இயற்றிய கிரேக்கப் பாடல், மேற்கூறிய டிரெக்ஸ்லரின் இசுப்பானியப் பாடல், சிலம்டாக் மில்லியனர் படத்தின் ஜெய் ஹோ (2009 விழா), ஆர்ஆர்ஆர் படத்தின் தெலுங்குப் பாடலான நாட்டு நாட்டு (2023 விழா) ஆகியவை அவ்வாறு வென்றவற்றுள் சில.

2009 ஆம் ஆண்டு விழாவில் சிலம்டாக் மில்லியனரின் ஓ சாயா பாடலும் பரிந்துரைக்கப்பட்டது. அதனை ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து எழுதியவர் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியப் பாடகி மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) ஆவார். அவ்விழாவில் இரு விருதுகளைப் பெற்ற ரகுமான் மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் கூறினார். 127 ஹவர்ஸ் படத்தின் இஃப் ஐ ரைஸ் பாடலுக்காக 2011 விழாவில் அவர் மீண்டும் பரிந்துரைக்கப்பட்டார்.

இவற்றுள் பையின் தாலாட்டு ஒரு தனி இடம் பெறுகிறது. ஜெய் ஹோ, நாட்டு நாட்டு ஆகியவை விரைந்த தாளமும் நடனமும் கொண்ட பாடல்கள். பையின் தாலாட்டோ பக்கவாத்திய ஆரவாரம் இன்றி ஒரு பெண்குரலைச் சார்ந்து நிற்பது. நாட்டு நாட்டு முற்றிலும் இந்தியத் தயாரிப்பான படத்தில் இடம்பெற்றது. பையின் தாலாட்டு வெளிநாட்டுப் படத்தில் இடம்பெற்ற தமிழ்ப் பாடலாகும்.

பிற்கால நிகழ்வுகள்

பாம்பே ஜெயஸ்ரீக்கு 2021 ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதுக்கு அவரைச் சென்னை மியூசிக் அகாதமி தேர்ந்தெடுத்தது. 2023 மார்ச்சு மாதம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நிகழ்ச்சி வழங்கச் சென்றிருந்தபோது மூளை இரத்தநாள வீக்கத்தால் பாதிக்கப்பட்டு அங்கு சிகிச்சை பெற்றார்.

அதே 2023 மார்ச்சு மாத ஆஸ்கார் விழாவில், முதுமலையில் யானைக்குட்டிகளை வளர்க்கும் இணையரைப் பற்றிய தமிழ் ஆவணப்படமான தி எலிபன்ட் விசுபரர்ஸ், சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான விருதைப் பெற்றது. பாடல் பிரிவில் தமிழ்ப் பாடலொன்று ஆஸ்கார் விருதை வென்றதில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* பாம்பே ஜெயஸ்ரீ
* லைஃப் ஆஃப் பை (திரைப்படம்)
* தாலாட்டு
* பிள்ளைத்தமிழ்
* இரயிம்மன் தம்பி
* சுவாதித் திருநாள் ராம வர்மா
* சிறந்த அசல் பாடலுக்கான அகாதமி விருது
* யூரோவிசன் பாடல் போட்டி